முன்தளத்தில் நிற்கும் மகனுக்கு

கொட்டாஞ்சேனை, கொழும்பு.

அன்புள்ள மகனுக்கு,

தங்கச்சிக்கு நீ அனுப்பிய படத்தை அவள் எங்களுக்கும் காட்டினாள். இடது கையில் சுற்றியிருப்பதைப் பற்றி நீ ஒன்றும் எழுதாதபடியால் நானும் கேட்கவில்லை. அம்மா அதைக் கையுறை என்று நினைத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை.

நங்கூரத்தை இறக்கி ஏற்றும் விண்ட்லாஸின் பிரேக் பட்டி தேய்ந்துபோயிற்று என்று முன்னர் ஒரு வரி எழுதியிருந்தாய். அதன் பிறகு பேச்சே இல்லை. நங்கூரத்தை விழவிடும்போது அதன் பாரத்தையும் பின்னால் ஓடும் சங்கிலியின் பாரத்தையும் தடுத்து நிறுத்துவது அந்தப் பட்டிதான் என்பதையும், உள்ளே இருக்கும் லைனிங் மெலிந்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சங்கிலியைப் பற்றும் சக்கரமான ஜிப்சி வழுக்கிக்கொண்டே சுழலும் என்பதையும், பரீட்சை எழுதி அதிகாரியாகிவிட்ட உனக்கு, தளத்து மாலுமிகளை மேய்த்த ஒரு பழைய போசன் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: சங்கிலி ஓடும் நேருக்கு நிற்காதே.

ஆழமான இடத்தில் பிரேக்கை நம்பி நங்கூரத்தை விழவிடாமல், கியரில் பூட்டி மோட்டாரினாலேயே மெல்ல இறக்கலாமா என்று கப்டனிடம் கேள். கேட்பதில் வெட்கமில்லை. ஓட்டம் ஒருமுறை கைமீறினால், ஷக்கிள் என்ற சங்கிலித் துண்டு ஒன்றுக்கு 27.5 மீற்றர் என்று அத்தனை ஷக்கிளும், சங்கிலி கடலுக்கு இறங்கும் ஹோஸ் பைப் வழியே பாயும். பிரேக்கிலிருந்து முதலில் புகை வரும், பிறகு பொறி பறக்கும், அதற்குள் துருவும் காய்ந்த சேறும் எழும்பிப் பக்கத்தில் நிற்பவனின் முகமே தெரியாமற்போகும். அந்த நேரத்தில் பிரேக் சக்கரத்தை இறுக்கப் போகாதே, பின்பக்கமாக விலகிவிடு. சங்கிலி குவிந்து கிடக்கும் செயின் லொக்கரில் பூட்டிய கடைசிக் கண்ணியும் பிடுங்கிக்கொண்டு போனால் போகட்டும். நங்கூரத்துக்குக் காப்புறுதி உண்டு.

நங்கூரம் பிடித்த பின்னர் பாரம், சங்கிலியை ஓடாமல் பூட்டிப் பிடிக்கும் ஸ்டொப்பரில் இருக்க வேண்டும். சங்கிலி அறுபடும் பாரத்தில் 80 சதவீதத்தை ஸ்டொப்பர் தாங்க வேண்டும் என்றும், ஸ்டொப்பர் உள்ள கப்பலில் பிரேக்குக்கு 45 சதவீதம் போதும் என்றும் விதி இருப்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். போசனாக இருந்த காலமெல்லாம் நாங்கள் இலக்கம் தெரியாமலேயே ஸ்டொப்பர் கட்டையைப் போட்டோம். அதை நீ அம்மாவுக்கு விளக்கிய அன்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். அப்படிப்பட்ட பிள்ளை வீட்டுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கே தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. காலிமுகத்திடலில் நின்று பார்த்தால், வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து இரு பக்கமும் அசைகின்றன. 1659 இல் அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல் காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவி மூழ்கியதும் ஒரு யூலை மாதத்தில்தான். உன்னுடைய கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

லைனிங் மாற்றினார்களா, இன்னும் எத்தனை மில்லிமீற்றர் மிச்சமிருக்கிறது என்பதை எனக்கு எழுது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். சங்கிலிக்கு நேரே நிற்காதே. அம்மாவுக்கு வேறாக எழுது, அதில் பிரேக்கைப் பற்றி வேண்டாம்; கையைப் பற்றி எழுதுவதானால் எனக்கு எழுதுவதிலேயே எழுது.

அன்புடன்,
அப்பா