கிரவுண்ட் கம்பியைக் கழற்றி விடு

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. ரகு ஓய்வு பெற்ற கையோடு வயலின் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டான் என்று எழுதியிருந்தாயே, அவன் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. அப்படியும் சால்டர் வைக்க லென்ஸைத் தேடவேண்டியிருக்கிறது.

சரி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் உன் மோட்டாரைக் கணினி, யுஎஸ்பி கார்டு, ரிலே போர்டு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள் கொண்ட பலகை) வழியாக இயக்குகிறாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை, நிறுத்தும்போதுதான் யுஎஸ்பி கார்டு கணினியிலிருந்து காணாமல் போகிறது என்கிறாய். அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டாரின் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் அது சும்மா அடங்காது. ரிலேயின் முனைகள் பிரியும் இடத்தில் பொறி பறக்கும், அந்த அதிர்ச்சி போக வழி தேடும். நீ வழி திறந்து வைத்திருக்கிறாய் என்பது என் சந்தேகம்.

'என் ரிலே போர்டில்தான் இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் ஆப்டோ இருக்கிறதே' என்பாய். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆப்டோ என்பது அந்த நாலு கால் பிசி817 சில்லுதான், அதற்குள் ஒரு எல்இடியும் எதிரே ஒளியை உணரும் ஒரு டிரான்சிஸ்டரும் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒளி மட்டும்தான் தாண்டும். 5000 வோல்ட் வரை தாங்கும் என்று டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சப்ளை, ஒரே கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் மைனஸ் கம்பி) கொடுத்துவிட்டால் அந்த 5000 வோல்ட் வெறும் அலங்காரம். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்டதுபோல.

உன் போர்டைக் கையில் எடுத்துப் பார். ஓரத்தில் மூன்று பின் (ஊசிக் கால்) தனியாக நிற்கும்: ஜிஎன்டி (கிரவுண்ட்), விசிசி (ஆப்டோ பக்கத்து பிளஸ்), ஜேடி-விசிசி (ரிலே பக்கத்து பிளஸ்). கடைசி இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன ஜம்பர் (இணைப்பு மூடி) மாட்டி வந்திருக்கும். அது இருக்கிற வரைக்கும் ரிலேயின் காயிலுக்கான (சுருளுக்கான) மின்சாரமும் கணினியின் 5 வோல்ட்டிலிருந்துதான் போகிறது. அதைப் பிடுங்கு. ஜேடி-விசிசிக்கும் பக்கத்து ஜிஎன்டிக்கும் தனியாக ஒரு 5 வோல்ட் அடாப்டர் கொடு. இந்த வகைக் காயில் ஒவ்வொன்றும் 70 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கும் என்பதால், போர்டின் எட்டு ரிலேக்களும் ஒன்றாக எழுந்தாலும் 1 ஆம்பியர் அடாப்டர் போதும். அப்புறம் முக்கியமானது: கணினியிலிருந்து போர்டுக்கு விசிசியும் ஐஎன் கம்பிகளும் (ரிலேக்களுக்குக் கட்டளை போகும் கம்பிகள்) மட்டும் போகட்டும். ஐஎன் வரிசையின் ஓரத்தில் இருக்கும் ஜிஎன்டி பெரும்பாலான போர்டுகளில் ரிலே பக்கத்து கிரவுண்ட்தான். அதை மாட்டினால் ஜம்பரைக் கழற்றியதற்குப் பலனே இல்லை. பழக்கதோஷத்தில் கை முதலில் கிரவுண்டைத்தான் மாட்டும், கவனம்.

முடித்ததும் எல்லா மின்சாரத்தையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கணினியின் கிரவுண்டுக்கும் அடாப்டரின் மைனஸுக்கும் நடுவே பார். எதுவும் காட்டக்கூடாது. சில நூறு ஓம்கள் காட்டினால்கூட எங்கோ ஒரு கம்பி மிச்சம் இருக்கிறது.

கார்டு 3.3 வோல்ட்தான் தருகிறது என்று எழுதியிருந்தாய். விசிசிக்கும் அதையே கொடுத்தால் ரிலே எழாமல் போகலாம். ஆப்டோவின் எல்இடிக்கு 1.2 வோல்ட் வேண்டும், அதோடு தொடராக இருக்கும் சிவப்பு விளக்குக்கு 1.8 வோல்ட்டாவது வேண்டும், இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். 1000 ஓம் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 0.3 வோல்ட், அதாவது 0.3 மில்லி ஆம்பியர். அதே விசிசிக்கு 5 வோல்ட் கொடுத்தால் 2 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. ஆப்டோ பெருக்கும் கருவி இல்லை. மலிவு ரகத்தில் உள்ளே போனதில் பாதிதான் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு. வயதாக ஆக உள்ளே இருக்கும் எல்இடியும் மங்கும். இன்றைக்கு மயிரிழையில் வேலை செய்கிற சுற்று சில வருஷம் கழித்து மக்கர் பண்ணும்.

கணினி துவங்கும்போது ரிலேக்கள் 'டக் டக்' என்று அடிப்பது வேறு கதை. இந்தப் போர்டு 0 கொடுத்தால்தான் ரிலேயை இழுக்கும். உன் நிரல் கார்டின் பின்னை அவுட்புட்டாக (கட்டளை தரும் பின்னாக) மாற்றுகிற கணத்தில் அதில் 0 கிடந்தால் எல்லாம் எழுந்து விழும். கார்டு அனுமதித்தால், முதலில் 1 எழுதிவிட்டு அப்புறம் அவுட்புட்டாக மாற்று. பழைய பிரின்டர் போர்ட்டில் 2 முதல் 9 வரை பின்களில் எல்இடி சொருகி நாம் விளையாடிய காலத்திலும் துவங்கும்போது எட்டும் கண்டபடி மின்னும், நினைவிருக்கிறதா?

எனக்கு நிஜமாகக் கவலை தருவது இதெல்லாம் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்துபோனால் என்ன ஆகும்? கார்டின் அந்தப் பின் அப்படியே 0-வில் நிற்கும், ரிலே விடாது, தொட்டி வழியும். இதற்கு ஆப்டோ ஒன்றும் செய்யாது. மிதவை சுவிட்ச் ஒன்றை மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கம்பியில் தொடராகப் போடு. கணினி என்ன சொன்னாலும் தொட்டி நிரம்பினால் அது வெட்டவேண்டும். மென்பொருளை நம்பித் தண்ணீரை விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. போர்டு ரிலேயில் '10 ஆம்பியர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மோட்டாரை நேராக மாட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். மோட்டார் கிளம்பும்போது ஓடும் அளவைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்தச் சின்ன முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய ரிலேயின்) காயிலை இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். அந்தக் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸுக்கென்றே செய்த) கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டால் பொறி அடங்கும். மெயின்ஸ் கம்பிகளைக் கார்டின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதே.

மாற்றியதும் போர்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. கரன்ட் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பு.

அன்புடன்,
சேது

பி.கு.: அந்த 100 ஓம், கெப்பாசிட்டர் ஜோடியை எந்த ரிலே முனைகளுக்கும் குறுக்கே போடாதே. முனை திறந்திருக்கும்போதும் அதன் வழியே 230 வோல்ட்டில் 7 மில்லி ஆம்பியர் கசியும். விளக்குக்கான ரிலேயில் போட்டுவிட்டால் எல்இடி பல்பு அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மினுங்கும். நீயும் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பாய்.