உன் பேத்திக்குச் சலித்துவிட்டது

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. தாத்தாவான பெருமையில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் புலம்பலாக முடித்திருக்கிறாய். கிலுகிலுப்பையை நான்கு மாதப் பேத்தி முதலில் கண் கொட்டாமல் பார்த்தாளாம். திரும்பத் திரும்ப ஆட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். "கவனம் நிலைக்காதோ?" என்று கேட்கிறாய். உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் கேட்டுவிட்டாய், இனி உனக்குத் தப்ப வழியில்லை.

கவனம் நிலைக்காததால் அவள் திரும்பவில்லை. பார்த்தது போதும் என்பதால் திரும்பினாள். சலிப்பு வர வேண்டுமென்றால் முன்பு பார்த்தது மனதில் தங்கியிருக்க வேண்டுமே! உளவியலில் இதைப் 'பழகிப்போதல்' என்போம். ரஷ்ய அறிஞர் சோகொலோவ் இதை இப்படி விளக்கினார்: திரும்பத் திரும்ப வரும் ஒன்றைப் பற்றி மூளை ஒரு மாதிரியை உருவாக்கிக்கொள்கிறது, வருவது அதோடு பொருந்தினால் கவனம் தளர்கிறது, பொருந்தாவிட்டால் விழித்துக்கொள்கிறது. தெரிந்த முகம் வந்தால் தலை நிமிராத வாயிற்காவலர் போல.

களைத்துப்போய்த் திரும்பியிருக்கலாமே என்று நீ மடக்குவாய். நியாயமான கேள்விதான், ஆய்வாளர்களும் கேட்டார்கள். அதற்கு விடை காண்பது எளிது. சலித்த பிறகு வேறொரு பொம்மையைக் காட்டு. களைத்த குழந்தை அதையும் பார்க்காது. பழகிப்போன குழந்தையோ மறுபடி கண்ணை விரிக்கும். இந்த மறுவிழிப்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பேசத் தெரியாத உயிரிடம் "இதுவும் அதுவும் வேறா?" என்று கேட்டுப் பதில் வாங்கும் வழி இதில் கிடைத்துவிடுகிறது.

1964-இல் உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் செய்தது ஏறக்குறைய இதுதான். ஒரே படத்தை மீண்டும் மீண்டும் காட்டினார். அதன் பக்கத்தில் வைத்த படத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றினார். இரண்டு மாதத்தைத் தாண்டிய குழந்தைகள் பழைய படத்தைப் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, புதியதன் பக்கம் பார்வை சாய்ந்தது.

1971-இல் பீட்டர் ஐமஸும் கூட்டாளிகளும் செய்த சோதனை இன்னும் சாமர்த்தியமானது. ஒரு மாதக் குழந்தைகளுக்கும் நான்கு மாதக் குழந்தைகளுக்கும் கம்பி இணைத்த ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். வேகமாகச் சப்பினால் ஒலி கேட்கும். 'பஸ்'ஸில் வரும் முதல் ஒலி ஒன்றையே கேட்கக் கேட்கச் சப்பும் வேகம் குறைந்தது. பிறகு 'பல்'லில் வரும் ஒலிக்கு மாற்றினார்கள், வேகம் எகிறியது. நாம் ஒரே எழுத்தில் எழுதிவிடும் இரண்டையும் ஒரு மாதக் குழந்தை பிரித்தறிகிறது! ஒலியில் அதே அளவு மாற்றத்தை, நம் காதுக்கு ஒரே ஒலியாகக் கேட்கும்படி ஒரே வகைக்குள் செய்தபோது அப்படி எகிறவில்லை.

உடனே மேதை என்று பறைசாற்றக் கிளம்பாதே. கடல் முயல் என்ற நத்தை இனத்து உயிரும் இப்படிப் பழகிப்போகிறது. மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துவிடும். நரம்பு முனை வெளிவிடும் வேதிப்பொருள் குறைவதுதான் காரணம் என்று நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டல் குழுவினர் காட்டினார்கள். நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடப்பதைப் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் ஒரு அனிச்சைச் செயல் மங்குவதும், ஒரு முகத்தை இன்னொரு முகத்திலிருந்து பிரித்து நினைவில் வைப்பதும் முழுக்க ஒன்றல்ல. இரண்டுக்கும் 'பழகிப்போதல்' என்று ஒரே பெயர் சூட்டிவிட்டுக் கடந்துபோகும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

உன் மருமகன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் எத்தனை நொடியில் சலிக்கிறாள் என்று குறித்துவருவதாக எழுதியிருக்கிறாய். அதை நிறுத்தச் சொல். சீக்கிரம் பழகிவிடும் குழந்தைகள் பிற்காலத்து அறிவுச் சோதனைகளில் ஓரளவு கூடுதலாக மதிப்பெண் பெறுகிறார்கள் என்று ஆய்வுகள் உண்டுதான். ஆனால் அது பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் மெல்லிய தொடர்பு. பசி, தூக்கம், நனைந்த துணி என்று எதுவும் ஒரு குழந்தையின் பார்வையை மாற்றிவிடும். அவளுக்கு ஜாதகம் கணிக்கும் வேலை அவருக்கு வேண்டாம்.

அவள் தூங்கும்போது வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டியதும் இல்லை. தூங்கும் பச்சைக் குழந்தைகூட மெல்லிய மணியோசைக்கு முதலில் திடுக்கிட்டு, பிறகு பொருட்படுத்தாமல் உறங்கும். 1973-இல் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் வகுத்த பச்சிளங்குழந்தை மதிப்பீட்டில் இதையே ஒரு அம்சமாக வைத்திருக்கிறார். மென்மையான தூண்டுதலுக்குச் சீக்கிரம் பழகும்; காதைப் பிளக்கும் ஓசைக்கு அப்படிப் பழகாது. ஆகவே பேச்சும் நடமாட்டமும் இருக்கட்டும், கதவை அறையாதீர்கள். கிலுகிலுப்பையைச் சில நாள் கண்ணில் படாமல் எடுத்துவை. இடைவெளி விட்டால் ஆர்வம் தானாகவே கொஞ்சம் திரும்பும்.

என் பக்கத்துச் செய்தி அதிகமில்லை. மகனுக்கு மாற்றலாகிவிட்டது. அவன் விட்டுப்போன சுவர்க்கடிகாரம் மணிக்கு மணி அடிக்கிறது என்று விருந்தாளிகள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, அடுத்த மாதம் எடுக்கப்போகிறார்கள்.

தங்கையைக் கேட்டதாகச் சொல். உன் சர்க்கரை அளவைப் பற்றி முழுக் கடிதத்திலும் ஒரு வார்த்தை இல்லை. பேத்தியைக் காட்டி என்னை ஏமாற்றப் பார்க்காதே. பரிசோதனை முடிவை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
ராகவன்