மனச்சோர்வுக்கு வைட்டமின் டி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைட்டமின் டி குறைந்தால் மனச்சோர்வு வரும், மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் போட்டிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் அக்கா இதே நம்பிக்கையில் எட்டு மாதம் ஓட்டினாள். ரத்தப் பரிசோதனையில் டி குறைவு என்று வந்தது, மாத்திரை போட்டாள், அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக ஏறியும் இருந்தது, ஆனால் காலையில் எழுந்து பல் துலக்கக்கூட மனசில்லாமல் அவள் கிடந்தது கிடந்தபடிதான். "அதான் அளவு சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்று நாங்களே கேட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் வந்தது? மனம் சோர்ந்தவர் வெளியே போவதில்லை, மேலே வெயில் படுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, அப்புறம் டி எப்படி ஏறும்?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 2,000 யூனிட் டி3 (வைட்டமின் டி-யின் ஒரு வகை), மறுபாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்று ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2020-ல் ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில் முடிவு வந்தது: மனச்சோர்வு வருவதில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அது வராமல் தடுக்குமா என்று பார்த்த ஆய்வு, அதில் பெரும்பாலானவர்களுக்கு டி குறைபாடும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களிடம் நடந்த சின்ன ஆய்வுகளில் சிலவற்றில் கொஞ்சம் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை.

குறைபாடு இருந்தால் மாத்திரை போடத்தான் வேண்டும், எலும்புக்கு அது தேவை. ஆனால் கொழுப்பில் கரைகிற வைட்டமின், மிச்சம் உடம்பிலேயே தங்கிவிடும். டாக்டர் சொல்லாமல் பெரியவர்கள் நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும். வேடிக்கை என்னவென்றால் அசதியும் குழப்பமும்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அக்கா இப்போது மனநல மருத்துவரிடம் போகிறாள். டி மாத்திரையும் நிற்கவில்லை, எலும்புக்காக. அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது, மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள் என்று ஒரு வரியாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி