கேள்வித்தாளை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆட்கடத்தல், குடும்ப வன்முறை குறித்து ஆய்வு செய்யும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் நேர்காணல்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களாக உட்காருபவர்கள் நாங்கள். உங்கள் ஆய்வு எங்களுக்கு வேண்டும். கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டிலும் பினாங்கு பிறை வட்டாரத் தொழிலாளர் விடுதியிலும் நடப்பவை எழுத்தில் பதிவானால்தான் அமைச்சின் மேசைவரை போகும். அதனால்தான் கேள்வித்தாளில் பிழை இருக்கும்போது எங்களால் சும்மா இருக்க முடியவில்லை.

'நீங்கள் ஆட்கடத்தலுக்கு ஆளானீர்களா?' என்று கேட்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி விமானம் ஏறி வந்த பெண், 'இல்லைங்க, நானாத்தான் வந்தேன்' என்பார். கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போவது என்றுதான் அவர் காதில் விழுகிறது. மலேசியாவின் 2007ஆம் ஆண்டு ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது குற்றவாளிக்குத் தற்காப்பாகாது. ஆனால் உங்கள் தாளில் 'இல்லை' என்று குறி விழுந்ததும் அந்தப் பெண் கணக்கிலிருந்தே போய்விடுகிறார்.

நடந்ததைக் கேளுங்கள். பாஸ்போர்ட் இப்போது யார் கையில்? வேலை பெர்மிட் எந்த முதலாளி பெயரில், வேலை செய்வதும் அதே முதலாளியிடமா? ஊரில் கடன் எவ்வளவு, வட்டி என்ன, யாருடைய நகை அடகில் இருக்கிறது? பேசிய சம்பளம் எவ்வளவு, லேவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அரசு வரி) என்று பிடித்தது போகக் கைக்கு வந்தது எவ்வளவு? கடைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும்? கட்டாய உழைப்புக்கு உலகத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அடையாளங்களில் பலவற்றை இந்தப் பதில்களிலிருந்தே நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தில் குற்றம். இதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வீட்டு வன்முறைக்கும் இதே கதிதான். 'வன்முறை' என்பது பத்திரிகைச் சொல். பெண்கள் சொல்வது 'கை நீட்டுவார்'. ஒரு நேர்காணலின் மொழிபெயர்ப்புப் படியில் இது 'கையை நீட்டிக் காட்டினார்' என்ற பொருளில் போயிருந்தது; அடித்தார் என்பதே அங்கே இல்லை. 'கெடுத்துட்டான்' என்றால் வல்லுறவு. 'தப்பா நடந்துக்கிட்டான்' என்றால் பெரும்பாலும் பாலியல் அத்துமீறல். எது என்று மெதுவாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும். அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கழுத்தை நெரித்தாரா, சம்பளத்தைப் பிடுங்கினாரா என்று செயலாகக் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கழுத்தை நெரித்தது உண்டென்றால் அவர் உயிருக்கே ஆபத்து அதிகம். அந்த இடத்தில் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் வீட்டு வன்முறை ஆய்வுக்கு 2001இலும், கடத்தப்பட்ட பெண்களை நேர்காண்பதற்கு 2003இலும் வழிகாட்டிகள் வெளியிட்டது. அவை உங்கள் விண்ணப்பத்தில் மேற்கோளாக இருக்கின்றன, களத்தில் காணோம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். வெளியே சொல்லும் ஆய்வுத் தலைப்பு 'பெண்கள் நலம்' போல இருக்க வேண்டும். உண்மைப் பொருளை அவரிடம் மட்டும், தனியே சொல்ல வேண்டும். கதவு திறந்தால் பேச்சை மாற்றப் பிள்ளைகளின் பள்ளி பஸ் கட்டணம், மருந்துச் செலவு பற்றி நாலு கேள்வி தயாராக இருக்கட்டும். 'குடும்ப வன்முறை' என்று கொட்டை எழுத்தில் போட்ட தகவல் தாளை அவர் கைப்பையில் திணிக்காதீர்கள், மாலையில் அந்தப் பையைத் துழாவுபவர் ஒருவர் இருக்கலாம். அன்பளிப்புப் பணத்தை மின்பணப்பையில் போட்டால் கணவரின் கைப்பேசியில் மணி அடிக்கக்கூடும். ரொக்கமாகக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரை அதே தாமானிலிருந்தோ (குடியிருப்பிலிருந்தோ) அதே கோயில் குழுவிலிருந்தோ எடுக்காதீர்கள். நம்மவர் வட்டம் சின்னது.

பேசி முடித்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: 'இப்ப நான் என்ன செய்யறது?' அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். 2018 முதல், போலீஸ் புகார் இல்லாமலே சமூக நல இலாகா அதிகாரி குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கு 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் ஒரே இடத்தில் சிகிச்சை, பரிசோதனை, புகார் எல்லாவற்றையும் பார்க்கும் நெருக்கடி மையம் உண்டு. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு அது. அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் எண் 15999. தமிழ் பேசுபவர் எந்த நேரத்தில் கிடைப்பார் என்பதை நேர்காணலுக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

ஒலிப்பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கறிஞரிடம் சொன்னதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொன்னதற்கு இல்லை. வழக்கு நடக்கும்போது உங்கள் பதிவும் போலீஸ் வாக்குமூலமும் ஒரு தேதியில் முரண்பட்டால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வழக்கு முடியும்வரை காத்திருங்கள். முடியாதென்றால் குரலைப் பதியாமல் குறிப்பு மட்டும் எடுங்கள்; பெயர், ஊர், முதலாளி பெயர் எதுவும் அதில் வேண்டாம்.

தமிழ்க் கேள்வித்தாளை நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே எங்களுக்கு அனுப்புங்கள். உங்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து உரக்கப் படித்து, நாக்கில் இடறும் வரிகளைத் திருத்தித் தருகிறோம். அந்த இரண்டு நாள் கூலியை ஆய்வு நிதியில் இப்போதே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் நேர்காணல் மொழிபெயர்ப்பாளர்கள்