செயலாளரின் ஆண்டறிக்கை: ஒஸ்கார் கஹேனோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க அன்பர்களே, வணக்கம்.

நிர்வாக விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடங்கலின்றி நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, இவ்வாண்டு முழுவதும் ஒரே ஓவியரின் வாழ்க்கையைப் படித்தோம். ரொறன்ரோவில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டியவர் ஒஸ்கார் கஹேன். 1916இல் கோப்பன்ஹேகனில் பிறந்தவர், ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் ஓவியம் பயின்றவர். தந்தை நாசி எதிர்ப்புப் பத்திரிகையாளர் என்பதால் குடும்பம் ஜெர்மனியில் இருக்க முடியவில்லை. பிராக் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவரை, ஜெர்மன் குடிமகன் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரித்தானிய அரசு 1940இல் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பியது. ஹிட்லருக்கு அஞ்சி ஓடி வந்தவர், ஹிட்லரின் ஆள் என்ற சந்தேகத்தில் கியூபெக்கின் ஷேர்புரூக் முகாமில் அடைபட்டார். பழைய ரயில் கொட்டகைகள்தாம் அந்த முகாம். இந்தப் பகுதியைப் பேசிய கூட்டம் குறித்த நேரத்தில் முடியவில்லை. அகதி வாழ்வை அறிந்த நம் மூத்த உறுப்பினர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

முகாமிலிருந்தபடியே மொன்றியலின் 'ஸ்ராண்டர்ட்' பத்திரிகைக்குப் படம் வரைந்தார். 1942இல் விடுதலை கிடைத்தது. பின்னர் ரொறன்ரோவுக்கு வந்து, 'மக்லீன்ஸ்', 'ஷற்றலேன்' போன்ற சஞ்சிகைகளின் முன்னணிச் சித்திரக்காரரானார்.

சஞ்சிகை வேலை வயிற்றுப்பாட்டுக்கு, ஓவியம் ஆன்மாவுக்கு என்று பிரித்துப் பேசுவோரை நான் ஏற்கவில்லை. கதையின் கையெழுத்துப்படி கைக்கு வரும். அதில் எந்தக் கணத்தை வரைவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துப் பத்திகளுக்கு இடம் விட்டு, குறித்த தேதிக்குள் படத்தைக் கொடுத்துவிட வேண்டும். இந்த நெருக்கடிக்குள்ளேயே அவர் கோட்டைக் கூர்மையாக்கினார், உருவத்தைக் கோணலாக்கினார், வண்ண மைகளில் துணிந்து பரிசோதனை செய்தார். சிவப்பையும் செம்மஞ்சளையும் கறுப்போடு மோதவிடும் அவருடைய அரூப (காணும் பொருளை அப்படியே காட்டாத) ஓவியங்களைச் சஞ்சிகைப் படங்களோடு திரையில் அருகருகே இட்டுப் பார்த்தபோது, அந்த முட்களும் பிறைவடிவங்களும் சஞ்சிகைப் பக்கங்களின் கோடுகளுக்கு உறவு என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஒன்ராறியோ கலைக்கூடத்திலுள்ள 'வளரும் உருவம்' என்ற 1953ஆம் ஆண்டு ஓவியத்தை இந்த எண்ணத்தோடு பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே 1953இல் அரூப ஓவியர்களின் 'பதினொரு ஓவியர்' குழு உருவானபோது, அதில் கஹேனும் ஒருவர். ஜாக் புஷ், ஹரல்ட் ரவுண், ரொம் ஹொட்சன் எனக் குழுவில் பலர் விளம்பர, சஞ்சிகை வேலை செய்து பிழைத்தவர்களே. 1954 பெப்ரவரியில் ரொறன்ரோ ரொபர்ட்ஸ் காட்சிக்கூடத்தில் அவர்களின் முதற் கண்காட்சி நடந்தது. கூட்டம் அலைமோதியது, ஆனால் ஒரு படம்கூட விற்கவில்லை. ஆயினும் கனடிய ஓவியம் என்றாலே பைன் மரமும் ஏரியும்தான் என்ற பழக்கத்தை அசைத்தவர்கள் இவர்களே.

1956 நவம்பரில் ஓக்வில்லில் நடந்த வாகன விபத்தில் கஹேன் காலமானார். வயது 40. நண்பர்கள் அவரின்றியே தொடர்ந்தார்கள். குழு 1960இல் கலைந்தது. புஷ்ஷின் பெயர் உலகெங்கும் போனது. கஹேனின் பெயரோ நெடுங்காலம் நிழலில் கிடந்தது. இது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

வரும் ஆண்டுக்கு ஜாக் புஷ்ஷைத் தெரிவு செய்யுமாறு செயற்குழு முன்மொழிகிறது. 1940கள், 50களின் 'மக்லீன்ஸ்' இதழ்கள் யாரிடமேனும் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறேன். கூட்டங்களுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் தந்துதவிய குடும்பங்களுக்கும், திரைக்கருவியை இரவல் தந்த அன்பருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்