உப்பைவிட பிஎச்சைக் கவனி, மக்கா

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மயினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். இங்கும் எல்லாரும் சுகம். சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது, ரப்பர் வெட்டு பாதி நாள் நடக்கவில்லை.

முட்டத்து வீட்டு நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டி முடிந்ததையும், மணிக்கு 25 கிராம் குளோரின் தரும் உப்புக் கருவி வந்து இறங்கியதையும் எழுதியிருந்தாய். உப்புத் தண்ணீர்க் குளம் என்றால் குளோரினே வேண்டாமா, புத்தளம் அளத்து உப்பை அள்ளிப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் 'இல்லை'தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கருவி குளோரினைத் தவிர்ப்பதில்லை, உன் வீட்டிலேயே அதைத் தயாரிக்கிறது. குளோரின் உண்டாகும் அறைக்குச் செல் என்று பெயர். அதற்குள் இருப்பவை டைட்டானியத் தகடுகள். அவற்றின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு மெல்லிய பூச்சாக இருக்கும். (டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் கிடக்கிறது.) உப்பு கரைந்த தண்ணீர் வழியாக ஒரே திசை மின்சாரம் (டிசி) பாயும்போது ஒரு தகட்டில் குளோரினும் மற்றத் தகட்டில் ஹைட்ரஜனும் வரும். குளோரின் தண்ணீரில் கரைந்து கிருமியைக் கொல்லும், அழுக்கை எரிக்கும், கடைசியில் மறுபடி உப்பாகவே மாறும். அதனால் உப்பு தீர்ந்துபோவதில்லை. பேக்வாஷ் (ஃபில்டரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கழுவுவது), வெளியே தெறிக்கும் தண்ணீர், மழையில் நிரம்பி வழிவது ஆகியவற்றில்தான் குறையும். வெயிலில் ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு குளத்திலேயே நிற்கும்.

நீ அனுப்பிய அளவு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். கருவிக்கு 3,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உப்பு வேண்டும், லிட்டருக்கு மூன்றரை கிராம். கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35,000 இருப்பதால் இது அதில் பத்தில் ஒரு பங்கு. மொத்தம் 168 கிலோ வரும். ஆனால் அத்தனையையும் ஒரே நாளில் போட்டுவிடாதே. உன் போர்த் தண்ணீர் கடலோரத் தண்ணீர், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும். முதலில் அதை அளந்து பார். அதற்கும் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருப்பதை மொத்தமாக அளக்கும் கருவி) நம்பாதே. அது சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். குளோரைடு அளக்கும் ஸ்ட்ரிப்பே சரி. பிறகு 50 கிலோ மூட்டை இரண்டு போட்டு, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, மறுபடி அளந்து மிச்சத்தைப் போடு. குறைந்தால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். கூடிவிட்டால் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

உப்பை ஸ்கிம்மரில் (மேல் குப்பையை இழுக்கும் வாய்) கொட்டக் கூடாது. ஆழம் குறைந்த பக்கம் பரவலாகத் தூவி, பிரஷ்ஷால் தள்ளிக் கரைக்கணும். முழுக்கக் கரைந்து கலக்கும்வரை, குறைந்தது 24 மணி நேரம், பம்ப் ஓடட்டும், செல் அணைந்தே இருக்கட்டும். டைல்ஸ் இடைச் சாந்து இறுகவும் நாள் வேண்டும். தண்ணீர் நிரப்பி 30 நாள் சாதாரணக் குளோரினில் ஓட்டிவிட்டு உப்புக்கு வருவதே என் யோசனை. புதுச் சிமென்ட் பிஎச்சை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, ஏற்றிக்கொண்டே இருக்கும்.

இனி புத்தளம், சாமித்தோப்பு உப்பு. அது நல்ல உப்புதான், மீன் உலர்த்தவும் ஊறுகாய் போடவும் அதற்கு ஈடில்லை. ஆனால் அளத்தில் உப்பு எப்படி விளைகிறது என்று பார். பாத்தி நீர் 25 பாகை போமே (உப்பு நீரின் அடர்த்தி அளவு) வரும்போது உப்புப் படிகம் இறங்கத் தொடங்கும், 29, 30 பாகையில் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் அதிகம். கழுவாத கல் உப்பில் அந்தக் கசப்பு நீர், ஜிப்சம், பாத்தி மண் எல்லாம் ஒட்டியிருக்கும். கால்சியமும் மக்னீசியமும் செல் தகட்டில் படியும், மண்ணில் உள்ள இரும்பு டைல்ஸில் பழுப்புக் கறையாகும். எனவே நன்றாகக் கழுவி உலர்த்திய, 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, அயோடின் சேர்க்காத தொழிற்சாலை உப்பைக் கேட்டு வாங்கு. கட்டிபிடிக்காமல் இருக்க மருந்து கலந்த பொடி உப்பும் வேண்டாம், அதிலும் கறை வரும்.

பெரும்பாலோர் உப்பு அளவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் செல்லைக் கெடுப்பது பெரும்பாலும் பிஎச்சும் கால்சியமும்தான். செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரைக் கலக்கிவிடும், அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் மெல்ல ஏறும். தகட்டுக்கு அருகே இன்னும் கூடுதலாக இருக்கும், சுண்ணாம்பு முதலில் அங்கேதான் படியும். பிஎச் 7.4 முதல் 7.6 வரை நிற்கட்டும். ஏறும் வேகத்தைக் குறைக்க மொத்தக் காரத்தன்மையை (பிஎச் மாறாமல் தாங்கும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு) 60 முதல் 80 பிபிஎம்முக்குள் வை. சாதாரணக் குளத்துக்குச் சொல்லும் 100, 120 இதற்கு ஒத்துவராது. வாரம் இரண்டு தடவை பார். 7.8 ஆகியிருந்தால் உன் குளத்துக்கு 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 300 முதல் 400 மில்லி வரை போதும். பாதியை வாளித் தண்ணீரில் கலந்து, பம்ப் ஓடும்போது தண்ணீர் திரும்பி வரும் இடத்தில் மெல்ல ஊற்று. நாலு மணி நேரம் கழித்து அளந்து பார்த்து மீதியை ஊற்று. ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்றணும், ஒருபோதும் மாற்றிச் செய்யாதே.

கால்சியம் கடினம் (தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பின் அளவு) 200 முதல் 350 பிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. உன் போர்த் தண்ணீரில் அது 500, 600 என்று வந்தால் பிஎச்சை 7.2, 7.4க்குள் வை, நிரப்பும்போதே பாதி மழைத் தண்ணீரோ லாரி நன்னீரோ கலந்துகொள். குளத்தில் தண்ணீர் வந்து விழும் இடத்தில் வெள்ளைச் செதில் செதிலாக மிதக்கிறதா? அது உப்பு கரையாமல் கிடப்பதில்லை, செல்லில் படிந்து உதிர்ந்த சுண்ணாம்பு. பிஎச் ஏறிவிட்டது என்பதற்கு முதல் அறிகுறி அது.

செல் தன்னைத்தானே சுத்தம் செய்ய மின்சாரத்தின் திசையைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும். அதையும் மீறிப் படிந்தால் கழற்றிக் கழுவணும். மெயினை அணை, வால்வை மூடு, யூனியனை (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) கழற்று. ஒரு வாயை அடைத்து நிமிர்த்தி வைத்து, தண்ணீர் நான்கு பங்கு, ஆசிட் ஒரு பங்கு கலந்து ஊற்று. நுரைத்துப் பொங்கும். 10, 15 நிமிஷத்தில் நுரை நின்றால் வேலை முடிந்தது. கண்ணாடியும் கையுறையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய். அந்த ஆசிட் எந்தக் குளோரின் பொடியோடும் சேரக் கூடாது, விஷ வாயு கிளம்பும். கத்தி, கம்பி எதாலும் தகட்டைச் சுரண்டாதே, பூச்சு போய்விடும். ஆசிட்டும் அடிக்கடி போடக் கூடாது, ஒவ்வொரு கழுவலிலும் பூச்சு கொஞ்சம் தேயும்.

நம் ஊர் வெயிலில் திறந்த குளத்துக்கு வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் இல்லாமல் ஆகாது. அது இல்லாவிட்டால் கருவி பகல் முழுக்கச் செய்த குளோரினைச் சூரியன் சில மணி நேரத்தில் தின்றுவிடும். 60 பிபிஎம் வேண்டும், உனக்கு மூன்று கிலோ. துணிப் பையில் கட்டித் தண்ணீர் வரும் வாயின் முன் தொங்கவிடு, கரைய நாளாகும். அந்த அளவுக்கு குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கக் கூடாது. கடையில் தரும் டிசிசிஏ (TCCA) குளோரின் மாத்திரையை உப்புக் குளத்தில் தொடர்ந்து போடாதே. அதிலும் சயனூரிக் இருக்கிறது, அது கூடிக்கொண்டே போய்க் குளோரினை மந்தமாக்கிவிடும்.

கருவியை நாளுக்கு எட்டு மணி நேரம், 60 சதவீதத்தில் வைத்தால் 120 கிராம், உன் குளத்துக்கு இரண்டரை பிபிஎம். அதில் தொடங்கி, அளந்து பார்த்து ஏற்றி இறக்கு. பெரும்பாலான செல் 10,000 மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். சதவீதம் குறைந்தால் செல் வேலை செய்யும் நேரமும் குறையும், ஆயுள் கூடும். 15 கிராம் கருவி வேண்டாம், பெரிதாக வாங்கு என்று அன்று சொன்னதும் அதனால்தான்.

'உப்பு குறைவு' என்று விளக்கு எரிந்ததும் மூட்டையைத் தூக்கிவிடாதே. கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டி உப்பை நேரடியாக அளப்பதில்லை, தகட்டில் பாயும் மின்சாரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. சுண்ணாம்பு படிந்தாலும், வயர் இணைப்பு பச்சை பிடித்தாலும், செல் கிழடானாலும் அதே விளக்குதான் எரியும். ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட்டு முடிவு செய். செல் உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. இருட்டிய பிறகு குளோரின் அளந்துகொள், 100 சதவீதத்தில் நாலு மணி நேரம் ஓட்டு, மறுபடி அள. 100 கிராம் சேர்ந்திருக்க வேண்டும், சுமார் 2 பிபிஎம் ஏறணும். ஏறவில்லை என்றால் செல்லில் கோளாறு, இல்லை பாசி குளோரினைத் தின்கிறது. எது என்று தெரிய, இன்னொரு நாள் செல்லை அணைத்து இரவும் விடிகாலையும் அள. 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் பாசி. அதற்குக் கருவியை முழுவீச்சில் ஓட்டிச் செல்லை வருத்தாமல், 10 சதவீத திரவக் குளோரின் ஊற்று. அரை லிட்டருக்கு 1 பிபிஎம் ஏறும். அளக்க டிபிடி கிட் (இளஞ்சிவப்பு நிறம் வரும் சோதனைப் பெட்டி) வாங்கு, மஞ்சள் நிறம் வரும் கிட் மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும், கிருமி கொல்ல மிச்சமிருப்பதைத் தனியாகக் காட்டாது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் செல் முழு வேகத்தில் மணிக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் தரும். தண்ணீர் ஓடாமல் மின்சாரம் மட்டும் போனால் வாயு குழாய்க்குள் சேர்ந்து வெடிக்கலாம். தண்ணீர் நின்றால் செல்லை அணைக்கும் ஃப்ளோ ஸ்விட்ச் இருக்கிறது என்று விட்டுவிடாதே. பம்ப் ஓடினால்தான் பெட்டிக்கு மின்சாரம் வரும்படி எலக்ட்ரீஷியனிடம் இணைக்கச் சொல். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) நல்ல எர்த்தும் கட்டாயம். செல் ஃபில்டருக்குப் பிறகு, வரிசையில் கடைசியாக இருக்கணும், இரு பக்கமும் யூனியனோடு.

மழை நம் மாவட்டத்துக்கு இரண்டு முறை வரும், இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி கார்த்திகையும். குளம் நிறைந்து நிற்கும்போது 100 மில்லிமீட்டர் பெய்தால் உன் குளத்தில் 3,200 லிட்டர் வழியும், அதோடு 11 கிலோ உப்பும் போகும். பெருமழைக்குப் பிறகு உப்பை அளக்க மறக்காதே. குறைந்த உப்பில் செல் ஓடினால் பூச்சு சீக்கிரம் தேயும்.

ஏணி, கைப்பிடி 316 ஸ்டீலாக இருக்கட்டும், 304 உப்பிலும் கடற்காற்றிலும் துருப்பிடிக்கும். கரைக்கு நம் ஊர்க் கருங்கல் போதும். பேக்வாஷ் தண்ணீரைத் தென்னை ஓரளவு தாங்கும். வாழைக்கு விடாதே, இலை விளிம்பு கருகிவிடும். கிணற்றுப் பக்கமும் போகக் கூடாது.

நிரப்பும் முன் போர்த் தண்ணீரின் குளோரைடு, கால்சியம் கடினம், காரத்தன்மை, இரும்பு ஆகிய நான்கையும் நாகர்கோவிலில் பரிசோதிக்கக் கொடுத்து, எண்களை எழுதி அனுப்பு. எத்தனை மூட்டை, எவ்வளவு ஆசிட் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். மயினியைக் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டுக்காரன்