அலமாரி விழுந்து சாகவில்லை அல்கான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பினின் பாரிஸ் வாழ்க்கையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஷோப்பினின் அண்டை வீட்டுக்காரரும் அவரைப் போலவே பியானோ இசையமைப்பாளருமான ஷார்ல் வாலந்தேன் அல்கான் அதில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார். அந்த வரியும், மேல்தட்டிலிருந்த தால்முத் என்ற யூத சமய நூலை எடுக்கப் போய்ப் புத்தக அலமாரி சரிந்து செத்தவர் என்பதுதான்.

அல்கானைப் பற்றி எங்கே படித்தாலும் இந்த அலமாரி வந்துவிடுகிறது. 1888 மார்ச்சில் அவர் தம் வீட்டுச் சமையலறையில், கனமான குடைத் தாங்கி ஒன்றின் அடியில் கிடந்தார் என்று அந்தக் காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. அப்போது அவருக்கு வயது 74. அலமாரிக் கதை, அவருடைய முன்னோர் வாழ்ந்த மெட்ஸ் என்ற பிரெஞ்சு ஊர்ப் பக்கத்தில் ஒரு நூற்றாண்டு முன்பு இருந்த யூத மதகுரு (ரபி) ஒருவரைப் பற்றியது. அதை யாரோ இவர் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. அலமாரிக் கதையை முதலில் படித்தபோது நானும் சிரித்தேன். சிரித்ததோடு, ஏதோ கிறுக்கர் போலிருக்கிறது என்று பல வருஷம் அவர் இசையின் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் அவருடைய ‘நான்கு வயதுகள்’ சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்பு) கேட்டேன்.

1847இல் வெளியான படைப்பு. நான்கு பகுதிகள்: இருபது வயது, முப்பது, நாற்பது, ஐம்பது. சொனாட்டா என்றால் கடைசியில் வேகமெடுத்துக் கைதட்டலை வாங்கிக்கொண்டு முடிவதுதான் வழக்கம். இதில் தலைகீழ். இருபது மூச்சு விடாமல் ஓடுகிறது; அதன் பிறகு ஒவ்வொரு பகுதியும் முந்தையதைவிட மெதுவாகிக்கொண்டே போகிறது. முப்பதில் சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபாஸ்டின் கதை, சாத்தான், ஒரே மெட்டை எட்டுக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பாடும் ஒரு ஃபியூக். வித்வான்கள் அதைத்தான் மெச்சுவார்கள். எனக்குப் பிடித்தது நாற்பது. நிம்மதியான ஒரு குடும்பம், குழந்தைகள் குறுக்கே ஓடுகிறார்கள், கடிகாரம் பத்து அடிக்கிறது (ஸ்வரத் தாளிலேயே ‘10 மணி’ என்று எழுதியிருக்கிறார்), பிறகு பிரார்த்தனை. அவ்வளவுதான். அடுத்து வரும் ஐம்பதுக்கு அவர் வைத்த பெயர் ‘சங்கிலியில் பிரோமிதியஸ்’; கிரேக்கப் புராணத்தில் பாறையில் கட்டிப்போடப்பட்டவன். அடிச்சுருதியில் உறுமிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. இதை எழுதும்போது அவருக்கு முப்பது சொச்சம் வயதுதான். எனக்கு ஐம்பத்தேழு. எப்படித் தெரிந்தது அந்த மனுஷனுக்கு என்று அன்றைக்கு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் குறும்பும் உண்டு. செத்துப்போன ஒரு கிளிக்காக 1859இல் இறுதி ஊர்வல இசை எழுதினார்: மூன்று ஓபோ, ஒரு பசூன் (இரண்டும் ஊதுகருவிகள்), பாடகர்கள். பாட்டின் வரி, “ஜாக்கோ, சாப்பிட்டாயா?” பிரான்சிலும் கிளியிடம் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. முதலில் சிரிப்பு வரும். அந்தக் குரல்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்கச் சிரிப்பு அடங்கிவிடும்.

எல்லாமே உயர்வு என்று சொல்ல மாட்டேன். 1857இல் வெளியான, தனிப் பியானோவுக்கான கன்செர்ட்டோவில், வழக்கமாகப் பின்னால் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவின் வேலையையும் அதே பத்து விரல்களே பார்க்க வேண்டும். முதல் பகுதி மட்டுமே அரை மணி நேரத்துக்குப் பக்கம். வாசிப்பவர் பாடு இருக்கட்டும், கேட்கிற நானே நடுவில் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

இவ்வளவு எழுதியவரை ஏன் மறந்தார்கள்? இசை கடினம் என்பது ஒரு பாதி. மறுபாதி 1848. பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் அவருடைய ஆசிரியர் சிம்மர்மன் ஓய்வு பெற்றபோது அந்த இடம் தமக்குத்தான் என்று அல்கான் நம்பியிருந்தார். அது கிடைத்ததோ அல்கானிடமே பாடம் கேட்ட மார்மோன்டெலுக்கு. மறு வருஷம் ஷோப்பினும் இறந்துபோனார். அதன் பிறகு 1873 வரை அல்கான் மேடைப் பக்கம் அநேகமாக வரவே இல்லை. அந்தக் காலத்தில் வாசித்துக் காட்ட ஆளில்லாத பியானோ இசைக்கு வேறு கதி ஏது? 1960களில் ரேமண்ட் லெவென்தால், ரொனால்ட் ஸ்மித் போன்ற பியானோ கலைஞர்கள் எடுத்து வாசித்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

ஷோப்பின் கட்டுரையிலேயே இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி ஒன்றும் விடுபட்டுவிட்டது. எழுதி முடிக்காத தம் பியானோப் பயிற்சி நூலின் குறிப்புகளை ஷோப்பின் விட்டுச் சென்றது அல்கானிடமும் ரெபெர் என்ற இன்னொரு இசையமைப்பாளரிடமும்தான். சாகும் தறுவாயில் யாரை நம்பினார் என்பது ஒரு வரிக்காவது பெறாதா?

அடுத்த முறை அல்கானைக் குறிப்பிட நேர்ந்தால் அலமாரியை விட்டுவிட்டு ஒரு இசைத்துண்டின் பெயரைப் போடுங்கள். கன்செர்ட்டோ வேண்டாம், புதிதாகக் கேட்பவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். ‘கடலோரப் பைத்தியக்காரியின் பாட்டு’ என்று ஐந்து நிமிஷத்துக்குள் முடியும் ஒரு முன்னிசை இருக்கிறது, ஓபஸ் 31 என்ற தொகுப்பில் எட்டாவது. வலக்கை உச்சியில் தனியே பாடிக்கொண்டிருக்கும், இடக்கைதான் கடல். ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அந்தக் கடல் வராது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.